ஆய்வு, மேம்பாட்டுத் திட்டங்களை நடத்தக் கற்பது: எதை, எந்த வரிசையில் படிப்பது?

ஆய்வகத்தில் கைதேர்ந்தவர்களிடம்தான் பெரும்பாலும் ஆய்வுத் திட்டத்தின் பொறுப்பும் வந்து சேர்கிறது. பொறுப்பேற்றதும் அவர்கள் தேடிப் போவது திட்ட மேலாண்மை பற்றிய தடித்த கையேடுகளை. முதல் சறுக்கல் அங்கேதான் நடக்கிறது. செய்ய வேண்டிய வேலைகள் முன்பே தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை அந்தக் கையேடுகள். ஆய்வில் வேலைப் பட்டியலே பாதிதான் தெரியும். மீதி, முதல் சோதனைகளின் முடிவைப் பார்த்த பிறகே தெரியவரும்.

அதனால் இங்கே சொல்லும் வரிசை புத்தகங்களின் புகழைப் பொறுத்ததல்ல. ஒரு திட்டத்தில் சிக்கல்கள் எந்த வரிசையில் தலைகாட்டுமோ அந்த வரிசை. ஒவ்வொரு வாசிப்பும் உங்கள் திட்டக் கோப்பில் ஒரு தாளாக மாற வேண்டும். தாளாக மாறாத வாசிப்பு அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்குள் மறந்துபோகும்.

விளக்கத்துக்கு ஒரே உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துச் செல்கிறேன்: நெல்லின் ஈரப்பதத்தைக் களத்திலேயே காட்டும் விலை குறைந்த கைக்கருவி. தமிழ்நாட்டின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழையில் அறுவடை நடந்தால் அந்த எண்ணைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கோரிக்கை வைப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். தன் நெல் எத்தனை சதவீதம் என்று விவசாயி முன்பே தெரிந்துகொள்ள உதவுவதுதான் நம் கற்பனைத் திட்டத்தின் நோக்கம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது, நடந்துகொண்டிருக்கும் ஒரு திட்டம். சிறியதாக இருந்தாலும் போதும். திட்டம் இல்லாமல் படித்தால் எல்லா அறிவுரையும் சரியாகவே தோன்றும். எது தனக்குப் பொருந்தாது என்று பிரித்தறிய வழி இருக்காது.

இரண்டாவது, ஒரு கோப்பு. மூன்றாவது, படித்ததை நீங்கள் சொல்லக் கேட்டு மறுத்துப் பேசக்கூடிய ஒரு சக ஊழியர்.

இங்கே சொல்லப்படும் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளவை. குழுவில் எல்லோரும் அவற்றைப் படிக்கப் போவதில்லை. ஆகவே ஒவ்வொரு நூலுக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஆய்வக உதவியாளர் வரை கொடுங்கள். கருவியில் மண்ணும் ஈரமும் படும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்பவர் அவர்தான். திட்டம் எதை நோக்கிப் போகிறது என்பது அவருக்குத் தெரியாவிட்டால், பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது.

2. உங்கள் வேலை எந்த வகை என்று தீர்மானியுங்கள்

இதற்குப் படிக்க வேண்டியது, பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.ஈ.சி.டி. வெளியிடும் ஃபிராஸ்காட்டி கையேடு. முதல் பதிப்பு 1963. இப்போது புழக்கத்தில் உள்ளது 2015 பதிப்பு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதும் படிக்க வேண்டாம். இரண்டாம் அத்தியாயம் போதும்.

ஒரு வேலை ஆய்வும் மேம்பாடும் ஆக வேண்டுமானால் ஐந்து தன்மைகள் தேவை என்கிறது அது: புதுமை, படைப்பாற்றல், முடிவு நிச்சயமின்மை, முறையான நடைமுறை, மற்றவர் மீண்டும் செய்து பார்க்கத் தக்கதாக இருத்தல். பிறகு அடிப்படை ஆராய்ச்சி, பயன்பாட்டு ஆராய்ச்சி, சோதனைவழி மேம்பாடு என்று மூன்றாகப் பிரிக்கிறது.

இந்தப் பிரிவை ஏன் முதலில் செய்ய வேண்டும்? மூன்றுக்கும் வாக்குறுதி வேறு. அடிப்படை ஆராய்ச்சியில் தேதி வாக்குறுதி அர்த்தமற்றது. சோதனைவழி மேம்பாட்டில் தேதி சொல்ல மறுப்பது பொறுப்பின்மை. நம் ஈரப்பதமானியில் பயன்பாட்டு ஆராய்ச்சியும் மேம்பாடும் கலந்திருக்கின்றன. நெல்லில் ஈரம் மாறினால் அதன் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், மாறும்; அதை அளந்துதான் கருவி ஈரப்பதத்தைக் கணிக்கிறது. ரகத்துக்கு ரகம் மின்தேக்குத்திறன் எப்படி மாறுகிறது என்று கண்டறிவது பயன்பாட்டு ஆராய்ச்சி. பெட்டியும் திரையும் வடிவமைப்பது மேம்பாடு. இரண்டையும் ஒரே அட்டவணையில் ஒரே வகைத் தேதியோடு போடுவது புதியவர்களிடம் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு.

கோப்புக்கான தாள்: வேலைகளை மூன்று வகையாகப் பிரித்த பட்டியல்.

3. ஹெயில்மயரின் கேள்விகளுக்கு ஒரே பக்கத்தில் பதில் எழுதுங்கள்

ஜார்ஜ் ஹெயில்மயர் திரவப் படிகத் திரைகளில் முன்னோடியாக வேலை செய்தவர். 1975 முதல் 1977 வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பாவின் இயக்குநர். அங்கே வரும் திட்ட முன்மொழிவுகளை எடைபோட அவர் வைத்திருந்த கேள்விகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. படிக்கச் சில நிமிடம் போதும். எழுதச் சில வாரம் ஆகும், ஆகட்டும்.

சாரம் இது: துறைச் சொற்கள் இல்லாமல், என்ன செய்யப் போகிறீர்கள்? இன்று அது எப்படி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது? உங்கள் வழியில் புதிதாக என்ன இருக்கிறது, அது பலிக்கும் என்று ஏன் நம்புகிறீர்கள்? வெற்றி பெற்றால் யாருக்கு என்ன மாறும்? இடர்கள் என்ன? செலவு எவ்வளவு, காலம் எவ்வளவு? இடையிலும் முடிவிலும் வெற்றியை எந்தத் தேர்வு வைத்துச் சோதிப்பீர்கள்?

புதியவர்கள் முதல் நான்கையும் அழகாக எழுதிவிடுகிறார்கள். கடைசிக் கேள்வியில் ‘கருவியின் செயல்திறன் மதிப்பிடப்படும்’ என்று முடித்துக்கொள்கிறார்கள். அது தேர்வு அல்ல. தேர்வு என்றால் தோற்கவும் வாய்ப்பிருக்க வேண்டும். ‘குண்டு ரகமான சி.ஆர். 1009, சன்ன ரகமான பி.பி.டி. 5204 இரண்டிலும், 14 முதல் 22 சதவீத ஈரப்பதம் வரை, ஓவனில் உலர்த்தி எடைபார்க்கும் முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஒரு சதவீதப் புள்ளிக்குள் இருக்க வேண்டும்’ என்று எழுதினால் அது தேர்வு. தேறியதா இல்லையா என்று யாரும் வாதாட முடியாது.

இந்தத் தேர்வைப் பணம் கேட்கும் முன்பே எழுதுவது முக்கியம். ஓராண்டு உழைத்த பிறகு எழுதினால், கையில் உள்ள முடிவுக்கு ஏற்ப அளவுகோல் தானாகவே வளைந்துகொள்ளும்.

4. தெரியாதவற்றைப் பட்டியலிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

வாசிப்பு: நாசாவின் தொழில்நுட்ப ஆயத்த நிலைகள், அதாவது ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்று காட்டும் அளவுகோல். 1974இல் ஏழு நிலைகளாக உருவாகி, பின்னர் ஒன்பதானது. ஜான் மான்கின்ஸ் 1995இல் எழுதிய சிறு வெள்ளை அறிக்கை ஒவ்வொரு நிலையையும் தெளிவாக விளக்குகிறது. முதல் நிலையில் அடிப்படைக் கொள்கை மட்டும் தெரியும். மூன்றாவதில் கருத்து செல்லுபடியாகும் என்று சோதனை காட்டியிருக்கும். நான்காவது ஆய்வகச் சூழல், ஐந்தாவது உண்மைக்கு நெருங்கிய சூழல். ஒன்பதாவதில் கருவி உண்மைப் பணியில் ஈடுபட்டு நிரூபித்திருக்கும்.

இதோடு, அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. அமைப்பு 1999இல் வெளியிட்ட அறிக்கையையும் படியுங்கள். பக்குவப்படாத தொழில்நுட்பங்களைச் சுமந்துகொண்டே தயாரிப்பு வேலையில் இறங்கிய ஆயுதத் திட்டங்களில் செலவும் காலமும் எப்படி எகிறின என்று அது எடுத்துக் காட்டுகிறது.

இப்போது உங்கள் கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றின் நிலையையும் எழுதுங்கள். முழுக் கருவிக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள். ஈரப்பதமானியில் பேட்டரியும் திரையும் கடையில் வாங்கலாம்; அவற்றில் தெரியாதது எதுவும் இல்லை. தெரியாதவை வேறு: ரகம் மாறினால் அளவீடு எவ்வளவு விலகும்? வெயிலில் கிடந்த நெல்லுக்கும் காலைப் பனியில் கிடந்த நெல்லுக்கும் வெப்பநிலைத் திருத்தம் எவ்வளவு? கையால் கொட்டும்போது நெல் நெருக்கமாகவும் தளர்வாகவும் விழுமே, அந்த அடர்த்தி வேறுபாடு அளவீட்டைக் கெடுக்குமா?

பட்டியல் தயாரானதும் ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு குறிப்பு: இது தோற்றால் திட்டமே நிற்குமா? சோதிக்க எவ்வளவு செலவு? திட்டத்தையே நிறுத்தக்கூடியதும் மலிவாகச் சோதிக்கக்கூடியதும் எதுவோ, அதுதான் முதல் வேலை. மேசைமேல் இரண்டு உலோகத் தகடுகள், மின்தேக்குத்திறன் அளக்கும் ஒரு மீட்டர், சில ரக நெல் இருந்தாலே மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் ஆராயத் தொடங்கலாம்.

நடைமுறையில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. பெட்டி, கைப்பேசிச் செயலி, பெயர்ப்பலகை எல்லாம் முதலில் தயாராகிவிடுகின்றன. அவை கண்ணுக்குத் தெரிபவை, கூட்டத்தில் காட்டக்கூடியவை, தோல்விக்கு வாய்ப்பு இல்லாதவை. ரகச் சிக்கல் கடைசி மாதத்தில் தலைதூக்கும்போது பணமும் தீர்ந்திருக்கும்.

5. பட்ஜெட் எழுதும் முன் பண விதிகளைப் படியுங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசு நிதி என்றால் பொது நிதி விதிகள் 2017இல் கொள்முதல், மானியம் பற்றிய பகுதிகளைப் படியுங்கள். பெற்ற நிதி எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் படிவத்தை, பணம் வரும் முன்பே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். எந்தத் தலைப்பில் எதை எழுத முடியாது என்று அப்போதுதான் புரியும். கருவி வாங்கும் நடைமுறைக்கு ஆகும் காலத்தை உங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கேட்டு, அதை அப்படியே அட்டவணையில் சேருங்கள். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது என்பதையும் அட்டவணையில் தடித்த கோடாகப் போடுங்கள்.

6. காலத்தை வெளியிலிருந்து கணியுங்கள்

உளவியலாளர் டேனியல் கானமனின் ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ 2011இல் வந்தது. ‘வெளிப்பார்வை’ பற்றிய அத்தியாயத்தை மட்டும் இப்போது படியுங்கள். இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளிக்கான ஒரு பாடநூலை எழுத அவர் குழு அமைக்கிறார். எவ்வளவு காலம் ஆகும் என்று தனித்தனியே எழுதச் சொன்னபோது எல்லோருடைய பதிலும் இரண்டு ஆண்டுகளைச் சுற்றியே இருந்தது. பிறகு குழுவில் இருந்த பாடத்திட்ட வல்லுநரிடம், இதே போன்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்கிறார். சுமார் 40 சதவீதம் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் என்று பதில் வருகிறது. அந்த வல்லுநரும் சற்று முன் எல்லோரையும் போலத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். நூல் முடிய எட்டு ஆண்டுகள் ஆயின.

இதிலிருந்து செய்ய வேண்டியது: உங்கள் துறையில் முடிந்த திட்டங்களைத் தேடி, சொன்ன காலத்தையும் எடுத்த காலத்தையும் இரண்டு பத்தியாக எழுதுங்கள். உங்கள் நிறுவனத்தின் பழைய கோப்புகளே போதும். முதல் கணிப்பை அந்த விகிதத்தால் பெருக்குங்கள். ‘நம் குழு திறமையானது’ என்று சொல்லி அந்த எண்ணைக் குறைக்காதீர்கள். அந்தக் கோப்புகளில் உள்ள குழுக்களும் அப்படித்தான் நினைத்திருந்தன.

கூடவே உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை. திட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனியே எழுதுவதுதான் அவர் சொல்லும் பயிற்சி. தனியே எழுதுவது கட்டாயம். வாய்விட்டுப் பேசினால் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். நம் அலுவலகங்களில் இது இன்னும் பொருந்தும். ‘இது நடக்காது சார்’ என்று இளையவர் நேரில் சொல்வது அரிது, தாளில் எழுதிவிடுவார்.

7. ஆள் சேர்ப்பதற்கு முன் புரூக்ஸையும் ஆலனையும் படியுங்கள்

பிரெடரிக் புரூக்ஸ் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ். 360 மென்பொருளை உருவாக்கும் பணியை நடத்தியவர். அவருடைய ‘தி மிதிக்கல் மேன்-மன்த்’ 1975இல் வந்தது. தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆளைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அதன் புகழ்பெற்ற முடிவு. காரணம் எளிய கணக்கு. ஐந்து பேருக்கிடையே 10 தொடர்புகள். பத்துப் பேருக்கிடையே 45. புதியவருக்குக் கற்றுக்கொடுக்கவும் பழையவரின் நேரமே செலவாகும்.

1995இல் வந்த பதிப்பையே வாங்குங்கள். முதல் முறை செய்வதைத் தூக்கிப்போடத் திட்டமிடுங்கள் என்ற தன் பழைய அறிவுரையை அதில் அவரே திருத்திக்கொள்கிறார். நினைவகச் சிக்கனம் பற்றிய அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம்.

தாமஸ் ஆலனின் 1977 நூலான ‘மேனேஜிங் தி ஃப்ளோ ஆஃப் டெக்னாலஜி’ கிடைப்பது சற்றுக் கடினம். பொறியாளர்களின் இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட அவர்கள் தொழில்நுட்பம் பேசுவது வேகமாகக் குறைகிறது, சுமார் 50 மீட்டருக்கு அப்பால் அநேகமாக நின்றுபோகிறது என்று அவர் அளந்து காட்டினார். ஆகவே மின்னணு வேலை பார்ப்பவரையும் நெல் மாதிரி தயாரிப்பவரையும் வேறு வேறு கட்டடத்தில் உட்கார வைக்காதீர்கள். முடியாவிட்டால் வாரம் ஒருநாள் இடம் மாறி வேலை செய்யச் சொல்லுங்கள்.

8. காத்திருக்கும் வரிசைகளைக் கண்டுபிடியுங்கள்

டொனால்ட் ரெய்னர்ட்சன் 2009இல் எழுதிய ‘தி பிரின்சிபிள்ஸ் ஆஃப் புராடக்ட் டெவலப்மென்ட் ஃப்ளோ’ கடினமான நூல். தொடர்ந்து படிக்க முயன்று பாதியில் விட்டவர்கள் ஏராளம். பொருளாதாரப் பார்வை, வரிசைகள், தொகுதி அளவு (ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் வேலையின் அளவு) ஆகிய மூன்று அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் மூன்று திட்டங்களுக்கும் ஒரே ஹாட் ஏர் ஓவன் என்று வைத்துக்கொள்வோம். அது 80 சதவீத நேரம் ஓடினால், எளிய வரிசைக் கணக்கின்படி ஒரு மாதிரி காத்திருக்கும் சராசரி நேரம், உலர்த்தும் நேரத்தைப்போல நான்கு மடங்கு. 90 சதவீதமானால் ஒன்பது மடங்கு. 95 ஆனால் பத்தொன்பது. கருவி சும்மா இருக்கக் கூடாது என்று நினைக்கும் மேலாளர், மாதிரிகளையும் அவற்றுக்காகக் காத்திருக்கும் ஆட்களையும் சும்மா இருக்க வைக்கிறார். இன்னொரு ஓவன் வாங்கும் செலவு ஓர் ஆய்வாளரின் காத்திருப்புச் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரெய்னர்ட்சன் வலியுறுத்தும் இன்னொன்று தாமதத்தின் விலை. ஒரு மாதம் தாமதமானால் எவ்வளவு இழப்பு என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் உதாரணத்தில் அந்த விலை சீராக ஏறாது. டெல்டாவில் சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில். டிசம்பரில் ஓர் உதிரிபாகம் இரண்டு வாரம் தாமதமாகி, சேர்ப்பதும் சரிபார்ப்பதுமாக இன்னும் சில வாரம் நழுவினால் அந்த அறுவடை போய்விடும். அடுத்த வாய்ப்பு செப்டம்பர் வாக்கில் குறுவைக்குத்தான். அந்த உதிரிபாகத்துக்குக் கூடுதல் விரைவுக் கட்டணம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இந்தக் கணக்குதான் பதில் சொல்லும். ஜூன் மாதமாக இருந்தால் அதே கட்டணம் வீண்செலவு.

9. நிறுத்தும் விதியை முன்பே எழுதுங்கள்

ராபர்ட் கூப்பரின் ‘வின்னிங் அட் நியூ புராடக்ட்ஸ்’ (முதல் பதிப்பு 1986) கட்டமும் வாயிலும் என்ற முறையை விளக்குகிறது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் ஒரு வாயில். அங்கே முடிவு நான்கில் ஒன்று: தொடர்தல், நிறுத்தல், தள்ளிவைத்தல், திருத்தி மீண்டும் வருதல்.

பல நிறுவனங்களில் இந்த முறை பெயரளவில் உண்டு. வாயிலில் யாரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. ஏனென்றால் நிறுத்துவதற்கான நிபந்தனை முன்கூட்டியே எழுதப்படவில்லை. மூன்றாம் படியில் எழுதிய இடைத்தேர்வை எடுத்து, ‘இதில் தேறாவிட்டால் பெட்டி வடிவமைப்புக்குப் பணம் விடுவிக்கப்படாது’ என்று ஒரு வரி சேருங்கள். கையெழுத்துப் போடுபவர் பணம் தருபவராக இருக்கட்டும், திட்டத் தலைவராக வேண்டாம்.

நிறுத்தப்பட்ட திட்டத்தில் வேலை செய்தவருக்கு அடுத்த வேலை உடனே தயாராக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் இளநிலை ஆய்வாளருக்குத் திட்டம் முடிந்தால் உதவித்தொகையும் முடிகிறது. அந்த நிலையில் அவரிடமிருந்து உண்மையான மோசமான முடிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

10. விபத்து அறிக்கைகளை நிதானமாகப் படியுங்கள்

அமெரிக்க விண்வெளி ஓடமான சேலஞ்சரின் விபத்து குறித்த 1986 அறிக்கையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் எழுதிய பின்னிணைப்பு சில பக்கங்கள்தான். விண்கலம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று பொறியாளர்களும், லட்சத்தில் ஒன்று என்று நிர்வாகமும் கணித்திருந்ததை அவர் அருகருகே வைக்கிறார். ராக்கெட் இணைப்பில் வாயுக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், முந்தைய பயணம் ஒன்றில், அதன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டிருந்ததை, ‘மூன்று மடங்குப் பாதுகாப்பு இருக்கிறது’ என்று வாசித்தார்களாம். அரிப்பே ஏற்படக் கூடாத இடம் அது.

அடுத்து, இன்னொரு விண்வெளி ஓடமான கொலம்பியாவின் விபத்து விசாரணைக் குழு தந்த 2003 அறிக்கை. இறக்கையில் மோதிய நுரைத் துண்டு, சோதனைத் தரவில் இருந்த துண்டுகளைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. அந்தச் செய்தி ஒரு படவில்லையின் கடைசி வரிகளில் சிறு எழுத்தில் கிடந்தது.

இவற்றைப் படித்ததும் உங்கள் கடைசி மூன்று மாதாந்திர அறிக்கைகளை எடுத்து, மோசமான செய்தி எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த அறிக்கையிலிருந்து அது முதல் வரிக்கு வரட்டும்.

11. வாழ்க்கை வரலாறுகளைக் கடைசியில் வையுங்கள்

அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ நூலைப் பெரும்பாலோர் பள்ளி வயதில் ஊக்கத்துக்காகப் படித்திருப்பீர்கள். இதுவரை சொன்னவற்றை முடித்த பிறகு, அவர் திட்டத் தலைவராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் பற்றிய பகுதியைத் திட்டத் தலைவரின் கண்ணோடு மீண்டும் படியுங்கள். 1979 ஆகஸ்ட் 10இல் முதல் ஏவுதல் தோற்கிறது. 1980 ஜூலை 18இல் இரண்டாவது வெற்றி பெறுகிறது. தோல்வியின்போது செய்தியாளர்களை எதிர்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். வெற்றியின்போது கலாமை முன்னிறுத்தியவரும் அவரே.

படிக்கும்போது பக்க ஓரத்தில் மூன்று கேள்விகளுக்கு மட்டும் குறிப்பு எழுதுங்கள். தோல்விக்குக் காரணமான கோளாறு ஏவும் முன் யாருக்குத் தெரிந்திருந்தது? தொடரலாம் என்ற முடிவை யார், எந்தத் தகவலை வைத்து எடுத்தார்கள்? இரண்டு ஏவுதல்களுக்கும் இடைப்பட்ட பதினொரு மாதங்களில் எது மாற்றப்பட்டது, எது அப்படியே விடப்பட்டது? நூலில் பதில் கிடைக்காத இடங்களில் ஆர். ஆராவமுதன் 2017இல் எழுதிய இஸ்ரோ வரலாற்றையும், கோபால் ராஜ் 2000இல் எழுதிய இந்திய ராக்கெட் திட்ட வரலாற்றையும் புரட்டுங்கள். பிறகு அதே மூன்று கேள்விகளை உங்கள் திட்டத்தின் அடுத்த சோதனைக்கு முந்தைய நாள் குழுவிடம் கேளுங்கள்.